கடைசி இரண்டு போல்ட்

மூலத்தோப்பில் தேவதர்ஷினி வீட்டு ஹாலில் சோபா கிடையாது. சோபா இருக்க வேண்டிய இடத்தில், இரும்பு ஸ்டாண்டில் ஒரு கார் இன்ஜின் தலைகீழாக நின்றது. பதினெட்டு வருஷப் பழைய ஜெர்மன் கார் இன்ஜின். சூப்பர்சார்ஜர் வைத்தது, அதாவது காற்றை அமுக்கி அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற உருளை ஒன்று அதற்கு உண்டு. ஊரில் பெரிய பெரிய ஒர்க்‌ஷாப்காரர்களே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்ட வண்டி. அவள் புருஷன், மெக்கானிக் கலையரசனிடம் ஒன்றை முடியாது என்று சொல்லிவிட்டால் போதும், அந்த வேலையைத்தான் இழுத்துப் போட்டுக்கொள்வார். ஷெட்டில் மழைத்தண்ணி சொட்டுகிறது என்று இன்ஜினை ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

வண்டி பாலக்கரை ஹபீபுல்லாவுடையது. காலமான அவர் அத்தா ஆசையாக வாங்கியது.

தேவதர்ஷினிக்குத் துவாக்குடியில் ஒரு பாய்லர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. மைக்ரோமீட்டரைப் பிடித்து, முடி அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் தள்ளிவிடுகிற இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வீட்டிலும் அதே கதைதான். அவர் பூட்டுவார், இவள் அளப்பாள். இருபது வருஷக் குடித்தனத்தில் இருவரும் கொஞ்சிப் பேசியதைவிட எண் சொல்லிக்கொண்டதுதான் அதிகம். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் கலையரசன் இன்ஜினின் அடிப்பாகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். கிராங்கை, அதாவது இன்ஜினுக்குள் சுழலும் தண்டை, பிடித்து நிறுத்துகிற பத்து போல்ட். ஒவ்வொன்றையும், குறித்த அளவு வந்ததும் ஸ்பானர் 'டக்' என்று சொல்லும்வரை இறுக்க வேண்டும், அதற்கு மேலும் கால் சுற்று இழுக்க வேண்டும். அந்தக் கால் சுற்றுக்கு உடம்பில் உள்ள பலம் எல்லாம் வேண்டும். இழுத்து முடித்ததும் போல்ட் தலையில் ஒரு கோடு போடுவார். பெயின்ட் தீர்ந்துபோனதால் அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷ். கோடு போட்டால் அந்த போல்ட்டை அப்புறம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

"தர்சி, கொஞ்சம் வந்து ஒரு கை குடேன்," என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

"தோசை கருகிடுங்க. நீங்களே பாருங்க."

"சரி சரி."

சாப்பிட்டார், படுத்தார். விடிகாலையில் நெஞ்சு வலி. ஆட்டோ காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தேவதர்ஷினி அழவில்லை. அழக்கூடாது என்றில்லை, வரவில்லை. யார் யாரோ கட்டிப்பிடித்து அழுதார்கள். இவள் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தெருவில் கல்நெஞ்சுக்காரி என்று ஒரு பேச்சு ஓடியது அவள் காதுக்கும் வந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். காப்பியில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றுகூட அந்த நாட்களில் அவளுக்குத் தெரியவில்லை.

கருமாதிக்கு முதல் நாள் வீடு கழுவ லால்குடியிலிருந்து கலையரசனின் அக்கா ஜோதி வந்தாள். கழற்றின போல்ட்டுகளையும் குட்டி சாமான்களையும் கலையரசன் முட்டை அட்டைகளில் குழிக்கு ஒன்றாக வரிசைப்படி வைத்திருந்தார். பதினோரு அட்டை. ஜோதிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏன்டி, துக்க வீட்டுல முட்டை அட்டையா? நாளைக்கு ஐயர் வர்ற வீடு!"

தேவதர்ஷினி குளியலறையிலிருந்து வெளியே வருவதற்குள் அட்டைகள் குப்பை வண்டியில் போய்விட்டன. இருநூற்றுச் சொச்சம் சாமான்களும் ஒரே பக்கெட்டில். நல்ல மனசு ஜோதிக்கு. துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று மண்ணெண்ணெய் வேறு ஊற்றியிருந்தாள். அவளைத் திட்டக்கூட தேவதர்ஷினிக்குத் தெம்பில்லை.

பதினெட்டாம் நாள் ஹபீபுல்லா வந்தார். "தங்கச்சி, அவசரம் ஒண்ணும் இல்லம்மா. இப்படியே லாரியில ஏத்திட்டுப் போயிடுறேன். கலை அண்ணன் போனப்புறம் இது யாரால ஆகும்?"

"அவர் பாதியில விட்ட வேலைன்னு இது வெளிய போகக் கூடாது பாய். முடிச்சுத் தர்றேன்," என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியம். அவர் கை வைத்து ஓடாத வண்டி என்று ஒன்று ஊரில் இருக்கக் கூடாது. அவளுக்கு மிச்சம் இருந்த ஆசை அது ஒன்றுதான்.

பழைய வேட்டியை ஹாலில் விரித்து, வேலை விட்டு வந்து தினமும் அளந்தாள். நீளம், தடிமன், மரையின் இடைவெளி. போனில் இன்ஜின் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் அதன் வீட்டைக் கண்டுபிடித்தாள். மூன்று வாரத்தில் பக்கெட் காலி. ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது: ஆயில் போகிற துவாரத்தை அடைக்கும் சின்னப் பித்தளை மூடி. அது இருக்க வேண்டிய இடம், அவர் கடைசியாகப் பூட்டிய கிராங்குக்கு அடியில்.

மறந்துவிட்டாரா? அவரா?

மூடி இல்லாவிட்டால் ஆயில் அந்த வழியே ஒழுகிவிடும், மேலே ஏறாது, பத்து நிமிஷத்தில் இன்ஜின் இறுகிக் கட்டியாகிவிடும். பார்க்க வேண்டும் என்றால் பத்து போல்ட்டையும் திறக்க வேண்டும். திறந்தால் அவை குப்பை. ஒருமுறை இழுபட்ட போல்ட்டை மறுபடி போடக் கூடாது. ஆனால் அதுவா விஷயம்? அவர் கை கடைசியாகச் செய்த வேலை அந்தப் பத்து சிவப்புக் கோடுகள். நாலு நாள் சும்மாவே சுற்றிச் சுற்றி வந்தாள். ஐந்தாம் நாள், கம்பெனியில் யாரோ செய்த வேலை என்றால் இப்படித் தயங்குவாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகினாள்.

எட்டு போல்ட்டும் முரண்டு பிடித்தன. ஒவ்வொன்றுக்கும் முழு உடம்பையும் சாய்க்க வேண்டியிருந்தது. ஒன்பதாவதில் அதே பலத்தோடு சாய்ந்தவள் விழப் பார்த்தாள். சும்மா வந்துவிட்டது. பத்தாவதும் அப்படியே. இரண்டின் தலையிலும் கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது.

பித்தளை மூடி அடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பக்கெட்டில் மிஞ்சியது, அவர் புதுசு போட்டுவிட்டுக் கழற்றி வைத்த பழைய மூடி.

தேவதர்ஷினி தரையில் உட்கார்ந்தாள். 'டக்' வரைக்கும் இழுத்திருக்கிறார். அந்தக் கால் சுற்றுக்குக் கையில் பலம் இல்லை. இழுத்தும் நகரவில்லை என்பது கைக்கே தெரியவில்லையோ, நாளைக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று கோட்டைப் போட்டுவிட்டாரோ. ஒரு கை கொடு என்று கூப்பிட்டது இதற்குத்தான். இருபது வருஷத்தில் போல்ட் இறுக்க அவர் அவளைக் கூப்பிட்டதே இல்லை. அதையாவது அளந்து பார்த்திருக்க வேண்டாமா அவள்?

அப்போதும் அழுகை வரவில்லை. தோசைமேல் கோபம் வந்தது. எழுந்து போய்த் தோசைக்கல்லைப் பரண்மேல் தூக்கிப் போட்டாள்.

கோயம்புத்தூரிலிருந்து புது போல்ட்டுகள் வந்தன. பத்தையும் அவளே இறுக்கினாள். கால் சுற்றுக்குக் காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். பொட்டும் பூவும் எடுத்த வீட்டில் அந்த நெயில் பாலிஷ் பாட்டில் மட்டும் டூல் பெட்டிக்குள் தப்பியிருந்தது. கோடு போட்டாள். அப்புறம் பிஸ்டன், மேல்பாகம், செயின், கடைசியில் சூப்பர்சார்ஜர். தூக்குவதற்கும் வண்டியில் இறக்குவதற்கும் மட்டும் லேத் பட்டறை ஜெபராஜ் வந்தார். தை பிறந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹபீபுல்லா சாவியைத் திருப்பினார். மூன்றாவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. மிதித்தபோது சூப்பர்சார்ஜர் மெல்லிய குரலில் ஊளையிட்டது. கலையரசன் கேட்க ஆசைப்பட்ட சத்தம். அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. ஆயில் பிரஷரைப் பார்த்தாள், சரியாக இருந்தது.

ஹபீபுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடிப்பாகம் அண்ணன் பூட்டுனதுதானேம்மா? அப்ப பயமில்லாம மெட்ராஸ் வரைக்கும் ஓட்டலாம்."

"ஓட்டுங்க பாய்," என்றாள். "கடைசி போல்ட் வரைக்கும் அவர்தான்..."

ஐந்து மாதமாக வராதது அந்த இடத்தில் வந்தது. பானெட்டைப் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க, வாய்விட்டு அழுதாள். ஹபீபுல்லா இன்ஜினை அணைக்கப் போனார். வேண்டாம், ஓடட்டும் என்று கையைக் காட்டினாள்.