ஏழாம் பக்கத்துக் குதுப்மினார்

நவாதா ஸ்டேஷனுக்கும் உத்தம் நகருக்கும் நடுவில், காலை எட்டே முக்காலுக்கு, ஓடும் டில்லி மெட்ரோவில் நான் "ஐயோ" என்று கத்தினேன். சும்மா முனகல் இல்லை. அந்தப் பெட்டியில் பாதிப் பேர் பையையும் மீதிப் பேர் பர்ஸையும் தொட்டுப் பார்த்துக்கொண்ட ஐயோ.

பக்கத்து சீட் பெரியவர் என் தொடையைத் தட்டி, "க்யா ஹுவா, பாய் ஸாப்?" என்றார். என்ன ஆச்சு என்கிறார்.

"அங்கிள்ஜி, இந்த வருஷத்துக்குப் பதினைந்து மாதம்" என்று என்னுடைய ஓட்டை இந்தியில் சொன்னேன்.

அவர் சற்று யோசித்தார். "கல்யுக் ஹை ஜி" என்றார். கலியுகத்தில் இதெல்லாம் சகஜமாம். பிறகு மடியிலிருந்த தன் டிபன் பையை என் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கு வயது ஐம்பத்தொன்று. இருபது வருடம் வேலை பார்த்த கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட, ஏழு மாதம் துவாரகா ஃப்ளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து தண்ணீர் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தவன். அதற்குப் பிறகு பாரகம்பா ரோட்டில், பிறர் பணத்தை எங்கே போடலாம் என்று யோசனை சொல்லும் ஆபீஸில் இந்த வேலை கிடைத்தது. ஒரு வருடம் ப்ரொபேஷன். அதில் பதினொரு மாதத்தை எப்படியோ ஓட்டிவிட்டேன். பன்னிரண்டாவது மாதத்தில், அன்றைக்குப் பதினொரு மணிக்கு, கமிட்டி முன்னால் நான் அறிக்கை வாசிக்க வேண்டும். அது தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடியும் லாரி.

அறிக்கை ஒரு பெரிய டெலிபோன் கம்பெனியைப் பற்றியது. நாட்டில் பாதிப் பேர் அதில் பேசுகிறார்கள், மீதிப் பேர் அதில் சிக்னல் இல்லை என்று திட்டுகிறார்கள். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனியின் கைக்கு நிஜமாக எவ்வளவு காசு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். லாபக் கணக்கு வேறு. இது எங்கள் ஃப்ளாட் சொசைட்டியின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. செயலாளர் நோட்டீஸ் போர்டில் என்ன ஒட்டினாலும் சரி, மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் இருக்கும், அல்லது இருக்காது.

நான் எட்டிப் பார்த்தேன். ரீசார்ஜ் பணம் ஒரு பக்கம் கொட்டியது. டவர், கேபிள், அலைவரிசைக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் தவணை என்று மறுபக்கம் ஓடியது. மிஞ்சியதை வருடத்துக்கு ஒன்றாக, நிற்கும் கட்டங்களாகப் படம் போட்டேன். பதினொரு கட்டங்கள் குட்டையாக நின்றன. ஒன்று மட்டும், ஐந்தாவது வருடத்தில், வானத்தைத் தொட்டது. ஏழாம் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் காதல் வந்துவிட்டது. அதற்குக் குதுப்மினார் என்று பெயர் வைத்தேன். அந்த வருடம்தான் கம்பெனிக்குப் புதிய தலைவர் வந்திருந்தார். போதாதா? மூன்று பக்கம் எழுதினேன். அந்த மனிதர் செலவை எப்படிக் கட்டுப்படுத்தினார், ஊழியர்களை எப்படி முடுக்கினார், எந்தத் திசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார் என்பது வரைக்கும் ஆராய்ந்தேன். திசையை மட்டும் கடைசி நேரத்தில் அடித்துவிட்டேன். முடிவுரையில், "மினார் மறுபடியும் எழும், பங்குகளை வாங்கலாம்" என்று முழங்கினேன். பன்னிரண்டு பிரதி, ஸ்பைரல் பைண்டிங், முகப்பில் வழவழ பிளாஸ்டிக்.

முந்தின நாள் சாயங்காலம் என் மனைவி என்னை இழுத்துப்போய்ப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டாள். மறுநாள் மெட்ரோவில் சீட் கிடைத்தது. என் மினார் பிறந்த ஐந்தாம் வருட ஆண்டறிக்கையை ஆசையாகப் போனில் திறந்தேன். பதினொரு மாதமாகப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வதாக நான் நினைத்திருந்த இடத்தில், எழுத்துகள் இருந்தன. கணக்கு வருடத்தை டிசம்பரிலிருந்து மார்ச்சுக்கு மாற்றுவதால், இந்த ஒருமுறை மட்டும் வருடம் பதினைந்து மாதம் கொண்டது என்று எழுதியிருந்தார்கள்.

அதாவது மூன்று மாதம் கூடுதல். அதுவும் எந்த மூன்று மாதம்? பெரிய வாடிக்கையாளர்களெல்லாம் மொத்தமாகப் பணம் கட்டும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். அந்த வருடத்தில் அந்தப் பருவம் இரண்டு தடவை வந்திருந்தது. மினார் எழாமல் என்ன செய்யும்!

மனைவிக்குப் போன் போட்டேன். அவள் திருநெல்வேலிக்காரி, பதற மாட்டாள்.

"முடிஞ்சுது" என்றேன்.

"என்ன முடிஞ்சுது? சார்ஜா?"

"வேலை! அந்த வருஷத்துக்குப் பதினஞ்சு மாசமாம்!"

முழுவதையும் கேட்டாள். "பதினஞ்சு மாசத்துக் காசைக் கூட்டுனா கூடத்தான வரும்? இதுக்கா ஒரு வருசமா மண்டைய ஒடச்சிய?"

"இப்ப என்ன செய்ய?"

"கண்ணாடியக் கழட்டிட்டுப் போங்க. நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்திய."

ராஜீவ் சௌக் வருவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடுத்த ரயிலைப் பிடித்து விமான நிலையத்துக்கே போய்விடலாமா, மயக்கம் போட்டு விழலாமா, விழுந்தால் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் போனைத் திருடுவார்களா என்றெல்லாம் யோசித்துக் கிக்கிக்கென்று சிரித்தபடி பாரகம்பா ரோட்டில் இறங்கினேன்.

ஒன்பதே முக்காலுக்குக் கூட்ட அறையில் தனியாக நின்று முதல் பிரதியில் ஏழாம் பக்கத்தைக் கிழிக்க ஆரம்பித்தேன். ஸ்பைரலில் கிழித்தால் ஓரத்தில் பல் பல்லாகக் காகிதம் தொங்குகிறது. அதை ஒவ்வொன்றாகப் பிய்த்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆபீஸில் டீ போடும் அக்கா தட்டோடு வந்துவிட்டார். விழுப்புரம் பக்கத்துக்காரர். ஜங்புரா கேம்ப் குடிசைப் பகுதியில் இவர் வீட்டை அரசாங்கம் இடித்த பிறகு, ஊர்க்கோடி நரேலாவிலிருந்து தினமும் பஸ் மாறி மாறி எனக்கு முன்னால் ஆபீஸுக்கு வந்துவிடுகிறவர்.

"இன்னா சார், எலி மாதிரி பேப்பர கொறிக்கிற?"

"ஏழாம் பக்கம் தப்பாப் போச்சுக்கா. எடுத்துடறேன்."

"ஆறுக்கு அப்பால எட்டு வந்தா கேக்க மாட்டாங்களா? அவங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

எனக்கே எண்ணத் தெரியவில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து எட்டாம் பக்கத்தைப் பார்த்தேன். "மேற்கண்ட குதுப்மினாரில் கண்டபடி" என்று ஆரம்பித்தது. ஒன்பதிலும் மினார். பத்தில் இரண்டு மினார். எல்லாவற்றையும் கிழித்தால் மிஞ்சுவது முகப்பு, பொருளடக்கம், நன்றியுரை.

"அந்த நன்றிய நல்லா சொல்லிட்டு வூட்டுக்குப் போ சார்" என்று அக்கா டீயை வைத்தார். "இல்ல, தப்பு பண்ணிட்டேன்னு நீயே சொல்லிடு. அவங்க கண்டுபுடிச்சா வேற மாதிரி ஆயிடும்."

டீயில் இஞ்சி அதிகம். மூளை கொஞ்சம் வேலை செய்தது. ஒரு மணி நேரம் இருந்தது. காலாண்டுக் கணக்குகளைத் திறந்து அந்தப் பதினைந்து மாதத்தைப் பிரித்து, எல்லா வருடத்தையும் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று மாற்றி அடுக்கினேன். புதுப் படத்தில் பன்னிரண்டு கட்டங்களும் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. அற்புதமும் இல்லை, தலைவரும் இல்லை. வந்த தண்ணீர் அப்படியே போய்க்கொண்டிருந்த தொட்டி. "வாங்கலாம்" என்பதை "இப்போது வேண்டாம்" என்று மாற்றினேன்.

பதினொரு மணிக்கு கமிட்டி வந்தது. தலைமையில் எங்கள் மேடம். பஞ்சாபி அம்மா. என் ப்ரொபேஷன் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர். கழுத்தில் சங்கிலி போட்டுக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார், மாட்டி நான் பார்த்ததில்லை.

கிழித்த பிரதியை நானே வைத்துக்கொண்டு எழுந்து நின்று, "உங்கள் கையிலிருக்கும் அறிக்கையில் ஏழு முதல் பத்து வரை தயவுசெய்து படிக்க வேண்டாம், அதில் இருக்கும் மினார் இடிந்துவிட்டது" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் கிக்கிக்கென்று ஒருமுறை.

மேடம் பேனாவைத் தட்டினார். "யே நம்பர் ஆயா கஹான் ஸே?" இந்த எண் எங்கிருந்து வந்தது?

என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொன்னது. "நீங்கள் கொடுத்த பழைய ஷீட்டிலிருந்து, மேடம்."

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. பழைய வருடங்களை நான் கூட்டவில்லை. அவர் இரண்டு வருடம் முன்பு கூட்டிவைத்ததை அப்படியே எடுத்துக் கட்டம் மட்டும் போட்டிருந்தேன். மனதுக்குள் பால்கனி நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டுவிட்டேன்.

மேடம் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அடிக்குறிப்பைக் கை எட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தார், இன்னும் தள்ளிப் பார்த்தார், பிறகு சங்கிலிக் கண்ணாடியை மாட்டினார். படித்தார். மறுபடியும் படித்தார். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரோ என்று பயந்தேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், பக்கத்திலிருந்தவர் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"உன் கண்ணாடி எந்தக் கடை?" என்றார் இந்தியில்.

சொன்னேன். குறித்துக்கொண்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. நிரந்தரமும் ஆகவில்லை. ப்ரொபேஷன் மூன்று மாதம் நீட்டிப்பு. மேடம் அறைக்கு ஓடினேன்.

"அடிக்குறிப்பைப் படித்துவிட்டுப் பிரிண்ட் போடக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். "நானும்தான். ஆனால் நான் ப்ரொபேஷனில் இல்லை."

மூக்கில் புதுக் கண்ணாடி. என்னுடைய அதே ஃப்ரேம்.

வீட்டில் மனைவி கடிதத்தை வாங்கி விரல் விட்டு எண்ணினாள். பன்னிரண்டும் மூன்றும்.

"ஏங்க," என்றாள், "உங்களுக்கும் பதினஞ்சு மாச வருசமால்லா ஆயிட்டு!"

இருவரும் சோபாவில் விழுந்து சிரித்தோம். கீழ் ஃப்ளாட்டுக்காரர் இண்டர்காமில் கூப்பிட்டு எல்லாம் சௌகரியம்தானே என்று விசாரித்தார். இப்போது பதினான்காவது மாதம் நடக்கிறது. தினமும் அடிக்குறிப்புகளை முதலில் படித்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.