என் கையெழுத்தில் நான்கு படிவங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை, கொழும்பு காலி வீதியில் ஒரு வங்கி. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் ஒரு படிவத்தை என் பக்கம் நீட்டினார். "தங்கச்சி, இதை ஒருக்கா நிரப்பித் தாருங்கோவன்."

ஐம்பதைத் தாண்டிய என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவருக்கு எதையும் செய்து கொடுக்கலாம்தான். ஆனால் நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதுங்கள் என்றுவிட்டேன். மனிதருக்குக் கோபம். படித்த திமிர் என்று நினைத்திருப்பார். திமிர் இல்லை ஐயா... பயம்! முப்பது வருடத்துப் பயம்.

அப்போது யுத்த காலம். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், தையல் கடைக்கு மேல்மாடியில் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு நடத்தினேன். எனக்கு வயது இருபத்திரண்டு. படிக்க வந்தவர்கள் எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, லொட்ஜ்களில் தங்கி, விசாவுக்காகக் காத்திருந்தவர்கள். கைப்பையில் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டு, கொப்பியில் இங்கிலிஷ். கரையோர ரயில் போகும்போது பாடம் நிற்கும். சத்தம் அடங்கும்வரை பால் விடாத பிளேன்ரீயும் பகிடியும்தான். அந்த மேல்மாடியில் இருந்ததுபோல நான் வேறெங்கும் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஒரு நாள் மைசெல்ஃப், ஹிம்செல்ஃப் பாடம் - இறந்தகால வினைகளோடு. அச்சடித்த நோட்ஸில் என்ன உதாரணம் தெரியுமா? கையை வெட்டிக்கொண்டேன்... தன்னை எரித்துக்கொண்டாள்... தன்னைக் காயப்படுத்திக்கொண்டான்! அங்கிருந்து வந்தவர்களிடம் இதையா சொல்லச் சொல்வது? நோட்ஸை மூடிவிட்டு நானே வாக்கியம் செய்தேன். ஐ குக்ட் இட் மைசெல்ஃப் - நானே சமைத்தேன். அடுத்தது, எல்லோர் மண்டைக்குள்ளும் அப்போது இருந்த விஷயம். ஐ ஃபில்ட் இட் மைசெல்ஃப் - படிவத்தை நானே நிரப்பினேன்.

பன்னிரண்டு பேரும் கோரஸாகச் சொன்னார்கள். கீழே இருந்த தையல்காரர்கூடப் பாடமாக்கிவிட்டார்.

உண்மையில் நிரப்பியது யார்? நான்தான்! ஓர் எழுத்துப் பிழைத்தால் விசா போச்சு என்று நடுங்கிய மனிதர்கள். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். நீலப் பேனை, சாய்ந்த எழுத்து, வால் நீண்ட ‘ஜி’. பிறர் உதவி பெற்றீர்களா என்ற கடைசிக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று நானே எழுதினேன். அதிகாரி கேட்டால் சொல்லத்தான் அந்த வாக்கியம் இருக்கிறதே! என்ன கெட்டித்தனம் பாருங்கள்.

ஒரே தூதரகம், ஒரே வாரம், என் வகுப்பிலிருந்து நான்கு பேருக்கு நேர்முகம். முதல் நாள் மூன்று பேர் போனார்கள். மூவரும் அந்த வாக்கியத்தைப் பிசகாமல் சொன்னார்கள். மூன்றாவது ஆளுக்கு முன்னால் அதிகாரி மூன்று படிவங்களையும் வரிசையாகப் பரப்பினாராம். மூன்றிலும் ஒரே வால்! மூவருக்கும் விசா இல்லை.

நான்காவது ஆள் மனோன்மணி அக்கா. மறுநாள் அவருடைய முறை. கணவர் வெளிநாடு போய் ஒன்பது வருடம். அவரிடம் போய்ச் சேரத்தான் இந்த விசா. நான் அழுதேவிட்டேன். வேறு வழியில்லை அக்கா, நீங்களும் அதையே சொல்லுங்கள், உண்மையைச் சொன்னால் படிவத்தில் எழுதிய ‘இல்லை’ பொய்யாகிவிடும் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒன்பது வருசமா எல்லாம் தனியச் செய்தனான் பிள்ளை. செய்யாத ஒண்டைச் செய்தனான் எண்டு ஏன் சொல்ல வேணும்?"

மறுநாள் தூதரகத்துக்கு எதிரே பஸ் தரிப்பில் இரண்டு மணி நேரம் நின்றேன். என்னால் உள்ளே போக முடியாது, வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. அக்கா வெளியே வந்தார். அதிகாரி அதே கேள்வியைத்தான் கேட்டாராம். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கும் முன்பே அக்கா இங்கிலிஷில் சொல்லியிருக்கிறார்:

"மை ரீச்சர் ஃபில்ட் இட். ஐ கேம் மைசெல்ஃப்."

என் ஆசிரியைதான் நிரப்பினார், வந்தது நானே. அதிகாரி பேனையை வைத்துவிட்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தாராம். பிறகு ஒரு புதுப் படிவத்தைக் கொடுத்து, தெரிந்த அளவுக்கு எழுதச் சொன்னாராம். இரண்டு மணி நேரம் அதற்குத்தான் போயிருக்கிறது.

ஆறு வாரத்தில் விசா வந்தது. கடைசி நாள், லொட்ஜ் குசினியில் சுட்ட பருத்தித்துறை வடையோடு வகுப்புக்கு வந்தார். ஐ மேட் இட் மைசெல்ஃப் என்று அவர் சொல்ல, வகுப்பே கை தட்டியது. ரயில் போனதும் எங்களுக்குக் கேட்கவில்லை.

அந்த மூவரும் அன்று இல்லை. பிறகும் வரவில்லை. மறுபடி விண்ணப்பித்து ஒருவருக்கு மட்டும் கிடைத்ததாகக் கேள்வி. இன்னொருவர் காலி வீதியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிவிடுவார். நான் கூப்பிட்டதில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

வங்கிப் பெரியவர் முணுமுணுத்தபடியே எழுதி முடித்தார். இரண்டு இடத்தில் வெட்டு, ஓர் இடத்தில் திருத்தம். இருக்கட்டும், எழுத்து அவருடையது.

அந்த மூன்று விசாக்களையும் கெடுத்தது யார் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்... ஐ டிட் இட் மைசெல்ஃப்.