பாத்திமா டீச்சர் வீட்டு வெந்நீர்

ஒரு மார்கழி நாளில் ரியாஸ் போனில், “வீட்டுல எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டார். வெந்நீர் வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை. போன வாரம் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய அம்மா, நம் பள்ளியில் கணக்கு நடத்திய பாத்திமா டீச்சர், காலமாகிவிட்டார். ரியாஸ் சுருக்கமாகச் சொன்னார். நானும் சுருக்கமாகக் கேட்டுக்கொண்டேன்.

டீச்சரின் சட்டங்கள் உங்களுக்குத் தெரியும். சாக்பீஸ் முழுதாகத் தேயாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. “பொருளு தானாக் கெடாது, நாமதான் கெடுக்கோம்” என்பார். ஓய்வுபெற்ற பின் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருந்தார். ராஜபாளையம் பஸ் ஏறுவதற்கு முன் சில மாலைகள் அங்கே போவேன். பேசாமல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார்.

அம்மாவைக் கோவைக்கு அழைத்துக்கொள்ள ரியாஸ் விரும்பினார். முழங்கால் வலி, தனி வீடு, சின்னப் பழுதுக்கும் ஆள் தேடும் பாடு. காரணங்கள் நியாயமானவைதான். “போறதா இருந்தா நானாப் போவேன். ஒரு சாக்கு வச்சு என்னையத் தூக்கிட்டுப் போகக் கூடாது” என்பார் டீச்சர்.

அந்த மார்கழியில் சாக்கு கிடைத்துவிடும்போல இருந்தது. குளியலறைக் குழாய் ஒழுகியதால் கூமாப்பட்டி பிளம்பர் முருகேசன் அதைக் கழற்றிவிட்டு, வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் தனித்தனித் திருகு உள்ள கை ஷவர் ஒன்றை மாட்டினார். அதன் பிறகு வீட்டில் எந்தக் குழாயிலும் வெந்நீர் இல்லை, வெறும் வெதுவெதுப்புதான். மறுநாள் ரியாஸ் வருவதாக இருந்தது.

முருகேசனை மறுபடி வரவழைத்தபோது நானும் இருந்தேன்.

“ஏலே, நல்லா இருந்த கீசர என்ன செஞ்ச?”

“நான் கீசரத் தொடவே இல்ல டீச்சர்.”

“பத்தாப்புலயும் இதத்தான் சொன்ன. கணக்கத் தொடவே இல்லன்னு.”

அப்போதுதான் ரியாஸ் அழைத்தார். டீச்சர் போனை என் கையில் திணித்து, “குளிச்சிட்டு இருக்கேன்னு சொல்லு” என்றார். அப்படியே சொன்னேன்.

பிறகு டீச்சர் கீசரிலிருந்து இறங்கும் குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். “இம்புட்டுச் சூடு இங்கருந்து கெளம்புது. வழியிலதான் பச்சத் தண்ணி கலக்குது.”

புதுக் குழாயின் முன் குனிந்து பார்த்தார். இரண்டு திருகுகளும் முழுதாகத் திறந்திருந்தன. அடிக்கடி திருகினால் வாஷர் போய்விடும் என்று, ஷவரின் கைப்பிடியில் உள்ள பொத்தானால் மட்டும் தண்ணீரை நிறுத்துவது அவர் புதிதாகப் போட்ட சட்டம். வெளியேற வழியில்லாத பச்சைத் தண்ணீர், திறந்திருந்த திருகுகள் வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. இரண்டையும் மூடிவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்தார். செத்த நேரத்தில் ஆவி வந்தது.

“அப்ப எம்மேல குத்தம் இல்லைல்ல டீச்சர்?”

“இல்லலே. எஞ்சட்டத்துலதான் ஓட்ட. ஒக்காரு, டீ போடுறேன்.”

பிழை தன்னுடையது என்று தெரிந்த பின்னும் அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் ரியாஸ் வந்து குளித்தார். தண்ணீர் ரொம்பச் சூடு என்று சொல்லிவிட்டு மாலையில் கிளம்பினார். டீச்சர் அந்த வீட்டிலேயே இருந்தார். அடுத்த வருடம் சித்திரையில், வீட்டில் எந்தப் பழுதும் இல்லாத ஒரு நாளில், அவரே மகனை வரச் சொல்லிக் காரில் ஏறினார். கோவையில்தான் இறந்தார்.