பட்டியலில் பத்தொன்பதாவது பெயர்: மல்வேர்னிலிருந்து பார்க்டேல் வரை

பத்து வருடமாக ஒவ்வொரு மே மாதமும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நின்று நான் ஒரு பட்டியலை வாசிக்கிறேன். எங்கள் ஊரில் ஒரே காலையில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். வன்னியின் தெற்கு விளிம்பில் இருந்த கடைசித் தமிழ் ஊர் அது. குளத்துக்கு அப்பால் அரசாங்கம் கொண்டுவந்து குடியேற்றிய சிங்களக் கிராமம். அந்தக் காலைக்கு முந்திய வாரம் எங்கள் பக்கத்துத் துப்பாக்கிகள் அங்கே போய் ஆட்களைக் கொன்றிருந்தன. மறுவாரம் இராணுவம் எங்களிடம் வந்தது. முதலில் நடந்ததை எங்கள் மண்டபத்தில் யாரும் சொல்வதில்லை. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். கிடைத்த ஏச்சில் அலுத்துப்போய்ப் பிறகு கேட்கவில்லை.

இந்த வருடம் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டுவதாக நினைவுக் குழு முடிவெடுத்தது. கல் வெட்டுபவருக்குப் பட்டியலை அனுப்பிவிட்டேன், திருத்தம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் போகவேண்டும். அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு செத்தவீட்டில் தவத்தைக் கண்டாள். தவம் அவளுடைய வகுப்பு. பட்டியலில் பத்தொன்பதாவது பெயர் அவருடையது.

"முகத்துக்கு நேரை போய் நிண்டனான். குளிர்கோட்டைக்கூட எடுக்காமல் வெளியிலை போயிட்டார்" என்றாள். செத்தவீட்டுக்காரர் கொடுத்த முகவரியில் இருந்த பெயர் நேசன். நேசன் தவத்தின் தம்பி, என் வகுப்பு, குளத்தில் எனக்கு நீந்தப் பழக்கியவன். ஊரில் அது நடந்த அன்றைக்கு நான் வவுனியாவில் பள்ளி விடுதியில் இருந்தேன். நேசன் தப்பி எங்கேயோ இருக்கிறான் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அக்காவுக்கு ஆள் மாறிவிட்டது, அது நேசன்தான் என்று சொன்னேன். நேரில் போய்ப் பார் என்றாள் அக்கா.

(இரண்டு பெயர்களும் நான் மாற்றியவை. உரியவரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.)

சனிக்கிழமை காலை 9.10க்கு, நான் இருக்கும் மல்வேர்னில் பஸ் ஏறினேன். முகவரியில் இருந்த பார்க்டேல் அங்கிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். பிறெஸ்ரோ பயண அட்டையில் மூன்று டொலர் முப்பது சதம், இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். கெனடி நிலையம் வர 9.55. அங்கிருந்து சுரங்க ரயிலில் லான்ஸ்டவுண். வார இறுதிகளில் பாதை வேலை என்று ரயிலை இடையில் நிறுத்திப் பஸ்ஸில் ஏற்றுவார்கள், அன்றைக்கும் ஏற்றினார்கள். நெரிசலில் நின்றபோது, விஷயத்தைக் கேள்விப்பட்ட நினைவுக் குழுத் தலைவர் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, இப்ப போய்ப் பேரை மாத்தினால் முழுப் பட்டியலும் பொய் எண்டு அரசாங்கத்தின்ரை ஆக்கள் எழுதுவாங்கள். எங்களுக்குத் தேவையே உது?"

"ஆள் உயிரோடை இருந்தால் என்ன அண்ணை செய்யிறது?"

"இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தவர்தானே" என்றார்.

லான்ஸ்டவுணிலிருந்து 47ஆம் இலக்க பஸ்ஸில் தெற்கே இறங்கி குயின் வீதிக்கு வந்தபோது 11.20. அந்தக் காலத்தில் வந்திறங்கிய எங்கள் ஆட்கள் முதலில் குடியிருந்த இடம் இந்தப் பார்க்டேல். பிறகு எல்லோரும் ஸ்காபரோவுக்குப் போய்விட்டார்கள். ஆறாம் மாடியில் கதவைத் தட்டினேன். திறந்தவர் தவம். நரைத்திருந்தார், ஆனால் தவம்தான். அந்தக் கதவடியில்தான் என் நேசன் செத்தான்.

நான் இன்னாரின் மகன் என்றதும் உள்ளே விட்டார். தேத்தண்ணீர் போட்டார். நான் கேட்காமலே சொன்னார்.

"அண்டைக்குத் தம்பி என்ரை சேட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனவன். பொக்கற்றுக்குள்ளை என்ரை ஐடென்ரிற்றி காட். முகத்தை அடையாளம் காணேலாது, ஐடென்ரிற்றியைப் பாத்துத்தான் ஆளைச் சொன்னவை. நானும் அம்மாவும் காட்டுக்குள்ளாலை வவுனியாவுக்கு வந்திட்டம். செத்தது தவம் எண்டு அங்கைதான் கேள்விப்பட்டனான். செத்தவன்ரை பேரோடை ஆமிச் சோதனைச் சென்றியிலை போய் நிக்கேலுமே? அம்மா தம்பியின்ரை பிறப்புச் சேட்டிபிக்கற்றைத் தந்தா. கனடாவுக்கும் அதோடைதான் வந்தனான்."

ஸ்காபரோ பக்கம் குடிவராததற்கும் காரணம் அதுதான். அங்கே யாராவது தவம் என்று கூப்பிட்டுவிடுவார்கள். பெயர்களைக் கல்லில் வெட்டப்போவதைச் சொல்லிக் கேட்டேன்.

"கல்லிலை நேசன்ரை பேரைப் போடட்டோ, அண்ணை? அவனுக்கு இதுவரைக்கும் ஒரு விளக்குக்கூட ஏத்தேல்லை."

"போட்டால் நான் ஆர்? என்ரை பாஸ்போட் ஆற்றை?" என்றவர், "பாஸ்போட் பேப்பருக்குப் பயந்து மட்டும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்றார். அவருக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. "விடிஞ்சால் பொழுதுபட்டால் நேசன், நேசன் எண்டுதான் கூப்பிடுறாங்கள். நான் ஓம் எண்டு போறன். அவன்ரை பேர் ஒரு நாளும் சும்மா கிடக்கேல்லை, தம்பி. என்ரை பேரைத்தான் ஒருத்தரும் சொல்லுறேல்லை. வருசத்துக்கு ஒருக்கா நீர் வாசிக்கிறீர். ஒன்லைனிலை பாக்கிறனான். அதைக் கழட்டிப் போடாதையும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. நேசனுக்காக அழ வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அவனுக்காக அழ என்னைவிட உரிமை உள்ளவர் முன்னால் இருந்து எனக்கு பிஸ்கற் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தார்.

12.40க்கு பஸ் தரிப்பு வரை கூட வந்தார். விடைபெற்றுத் திரும்பி நடந்தவரை, "தவண்ணை!" என்று கூப்பிட்டேன். ஒரு தரமாவது அவரை அவர் பெயரால் கூப்பிட வேண்டும் போல இருந்தது. அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். நடந்துகொண்டே இருந்தார். "நேசன்!" என்றேன். உடனே திரும்பிக் கையை உயர்த்தினார்.

இப்படி ஒரு பயணம் போக இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சனிக்கிழமை போகாதீர்கள், ரயிலை நம்ப முடியாது. அட்டையின் இரண்டு மணி நேரம் ஒரு தேத்தண்ணீருக்கே போதாது, திரும்பும்போது இன்னொரு மூன்று டொலர் முப்பது. முகவரி கிடைத்தாலும் போவதற்கு முன் யாராவது மூலம் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் போனது பிழை. கையில் பட்டியலோடு போகிறவர்கள் அதைத் திருத்திக்கொண்டுதான் திரும்புவோம் என்று நினைக்க வேண்டாம். யார் எங்கே செத்தார் என்று கல்லுக்குச் சொல்வது சுலபம். குளத்துக்கு அப்பால் செத்தவர்களுக்கும் எங்கேயோ ஒரு பட்டியல் இருக்கும், அதையும் யாரோ ஒருவர் அலுத்துப்போய் வாசித்துக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை காலை கல் வெட்டுபவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வெட்டிய பிறகு மாற்ற முடியாது, கடைசியாக ஒருமுறை சரிபார்க்கவும் என்று எழுதியிருந்தார். பத்தொன்பதாவது வரியை வாய்விட்டு ஒருமுறை வாசித்தேன். பிறகு, திருத்தம் எதுவும் இல்லை என்று பதில் போட்டேன்.