மூளி வண்டி

என் கல்யாணத்துக்கு நகை எடுத்த கதையை என்னிடம் கேட்க வேண்டாம். அதை அம்மா பார்த்துக்கொண்டாள். நான் அலைந்தது காருக்குச் சாமான் தேடி. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் நகரி ஊரில் அந்தக் காலத்தில் தன் கல்யாணக் காருக்குத் தானே சாமான் பூட்டிய பெண் வேறு யார் என்று சொல்லிவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

எங்கள் வீட்டில் தறியும் உண்டு, காரும் உண்டு. தறியில் அம்மாவும் நானும். கார் அப்பாவுடையது, நைனா என்றுதான் கூப்பிடுவேன். யுத்தத்துக்கு முந்திய இங்கிலீஷ் வண்டி, மேலே துணிக் கூரை. ஒரு ஜமீன் வீட்டில் சும்மா கிடந்ததை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். திருப்பதி, சித்தூர், நாகலாபுரம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். ஆனால் அந்த வண்டிக்குப் பேர் வந்தது மாப்பிள்ளை அழைப்பில்தான். கூரையை மடித்துப் பின்சீட்டில் மாப்பிள்ளையை உட்கார வைத்தால் தெருக்கோடியில் நிற்பவருக்கும் முகம் தெரியும். ஊரில் பாதி மாப்பிள்ளைகளை அழைத்து வந்தவர் நைனா. தன் மாப்பிள்ளையையும் தன் வண்டியில்தான் அழைத்து வருவேன் என்று, நான் பல் விழுந்து முளைத்த வயசிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் நிச்சயத்துக்கு வந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய என் மாமனார், தாம்பூலம் மாற்றிய கையோடு காரைச் சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் கீது சம்பந்தி. ஆனா உள்ள மூளியா கீதே. மூளி வண்டில புள்ளைய ஏத்துனா நாளைக்கு நாலு பேர் பேசுவாங்கோ. சித்தூர்ல புதுக் கார் ஒண்ணு கீது, அத்த நாங்களே இட்டுனு வந்துடறோம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. வாய் உடைந்த குடத்தையும் கொண்டை உடைந்த குத்துவிளக்கையும் நாங்களும்தான் நல்ல காரியத்துக்கு எடுக்க மாட்டோம். வண்டியில் என்ஜின் சுத்தம், சீட்டு சுத்தம். போயிருந்ததெல்லாம் சில்லறைச் சாமான். பின்பக்கத்து இடது கதவில், உள்ளேயிருந்து திறக்கும் பிடி உடைந்து இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. முன்சீட்டின் முதுகில், பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் வார் அறுந்திருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பலகையில் இரண்டு கறுப்புக் குமிழ் இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. எல்லாம் திருப்பதி மலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இழுத்தும் திருகியும் பாழாக்கியவை. ஓடுகிற வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று நைனாவும் விட்டுவிட்டார்.

அன்றைக்கு விருந்து முடிந்து அவர்கள் போன பிறகும் நைனா சாப்பிட உட்காரவில்லை. தன் மகள் கல்யாணத்தில், தன் வண்டியை வீட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, எவனோ ஓட்டி வரும் காருக்கு ஆரத்தி எடுக்க வேண்டும். ஊர் மாப்பிள்ளைகளை எல்லாம் சுமந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய அடி வேறு இல்லை.

முதலில் மெட்ராசுக்குப் போனோம். நானும் வருவேன் என்று அடம்பிடித்துத்தான் போனேன். கார்ச் சாமான் விற்கும் பெரிய கடை. அங்கே கண்ணாடி போட்ட கடைக்காரர், மாதிரிக்கு நாங்கள் காட்டிய மீதிக் குமிழைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கம்பெனி இதைச் செய்றதையே நிறுத்தியாச்சு. வண்டியை எடைக்குப் போடுங்க" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். நைனா சித்தூர் ஜில்லா என்றார். "அப்ப ஆந்திராக்காரங்க. உங்க ராஜதானி கர்நூலாச்சே, அங்க போய்க் கேளுங்க" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

ஆந்திரா தனியாகப் பிரிந்த புதுசு. எல்லைக் கோடு எங்கள் தலைக்கு மேலே விழுமா, காலுக்குக் கீழே விழுமா என்று யாருக்கும் தெரியாது. கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு கருத்தும் கிடையாது. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் சுருக்கென்று தைத்தது. திரும்பி வரும்போது, "நைனா, இவங்களாண்ட இனிமே போவாத. நானே பண்றேன்" என்றேன்.

"நீ இன்னா பண்ணுவ?"

"வண்டிய வூட்டுக்கு ஓட்டு, சொல்றேன்."

எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

வாரில் தொடங்கினேன், கைக்குத் தெரிந்த வேலை என்பதால். தறியின் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் பாவு நூல் ஏற்றினேன். நூலை இரட்டையாக முறுக்கி, குறுக்கே ஓடும் ஊடையை அடித்து இறுக்கி, பச்சையில் அரக்குக் கரை வைத்து நெய்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "புடவைக்கு இவ்ளோ கெட்டியா அடிச்சிருந்தா எப்பவோ கோட்டை கட்டியிருப்போம்" என்று கிண்டல் செய்தாள். நெய்து முடித்த வாரை உத்தரத்தில் கட்டி நானே தொங்கிப் பார்த்தேன். உத்தரம்தான் முனகியது.

கதவுப் பிடிக்கு என் தறியின் கைப்பிடியையே கழற்றிவிட்டேன். கயிற்றை இழுத்து, ஊடை நூலைச் சுமந்து போகும் நாடாவை ஓட விடும் பிடி அது. வருஷக்கணக்காக என் உள்ளங்கை பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளைபோட்டு, அந்த இரும்புத் தண்டில் செருகி, ஆணி அடித்து, அரக்கு பூசினேன். தறிக்கு வேறு பிடி செதுக்கிக்கொள்ளும்வரை நெசவு நின்றது.

குமிழுக்குத்தான் திருப்பதி போக வேண்டியிருந்தது. செம்மரத்தில் பொம்மை கடைகிற ஒருவரிடம் மீதியிருந்த குமிழைக் கொடுத்தேன். "இதி ஏமிட்டம்மா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காருது. இதே மாதிரி ஒண்ணு, இம்மிகூட மாறக் கூடாது" என்றேன். "சரிம்மா, சாமி கும்பிட்டு வா" என்றார். மலைக்குப் போய் வந்து பார்த்தால், அளவு அச்சாக அதே அளவு. கறுப்புச் சாயம்கூட ஏற்றியிருந்தார். கூடவே அதன் முகத்தில் அழகாக ஒரு நாமமும் போட்டிருந்தார்.

"நாமம் யார் கேட்டது?" என்றேன்.

"இந்த ஊர்லேர்ந்து போற சாமான் நாமம் இல்லாம எப்படிம்மா போவும்?" என்றார் அவர். என் கேள்விதான் அவருக்கு விசித்திரமாக இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமனாரோ திருநீறு பூசாமல் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். அவர் மகன் மாப்பிள்ளையாக வரும் வண்டியில் நாமம் போட்ட குமிழ். சுரண்டிவிடலாம் என்று கத்தியை எடுத்தேன். நைனா கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சாமியோட மலைமேல ஏறி எறங்கித்தான் இந்த வண்டி நமக்குச் சோறு போட்டுச்சி. அவன் நாமத்தச் சொரண்டிட்டு எனக்குப் பேர் வாணாம். இருக்கட்டும்" என்றார். அப்படியே பொருத்திவிட்டார்.

பந்தக்கால் நட்ட அன்று மாமனார் வண்டியைப் பார்க்க வந்தார். வண்டி தேறாவிட்டால் சித்தூர் கார்க்காரனுக்கு அன்றே சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு. நான் ஜன்னலோரம் நின்றேன்.

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வாரைப் பிடித்து உடம்பைச் சாய்த்து இழுத்தார். கதவுப் பிடியைத் திருகித் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். பிறகு இறங்கி முன்பக்கம் வந்து குனிந்தார். அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நைனா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரியா கீது சம்பந்தி. இது ஒண்ணுதான் மூளி" என்று விரலை நீட்டினார்.

அவர் விரல் நாமத்தின்மேல் இல்லை. பக்கத்திலிருந்த வெறும் குமிழின்மேல் இருந்தது.

"அதுக்கு மட்டும் அழகா நாமம் போட்டுக்கினு, இத்த ஏன் மொட்டையா வுட்டாங்கோ? போலி சாமானா?"

"அது ஒண்ணுதான் சம்பந்தி கம்பெனி சாமான்" என்றார் நைனா.

மாமனார் நிமிர்ந்தார். "அப்ப மத்ததெல்லாம்?"

மெட்ராசில் வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். கல்யாணப் பெண் தறிப்பிடியைக் கழற்றிக் காருக்குப் போட்டாள் என்றால் என்ன நினைப்பார்களோ என்று வேறு யாராவது தயங்கியிருப்பார்கள். நைனா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "எல்லாம் எம்பொண்ணு தேடிப் பண்ணது" என்றார்.

மாமனார் ஜன்னலைப் பார்த்தார். நான் நகரவில்லை. பிறகு மடியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்து, கம்பெனிக் குமிழில் நெருக்கமாக மூன்று கோடு இழுத்தார். "இப்ப மூளி இல்ல. புள்ள இதுலயே வருவான்" என்றார். நான் உள்ளே ஓடிப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். பெருமையில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெண்ணைப் பெற்றவர் மாலையோடு பந்தலில் நின்று மாப்பிள்ளையை வரவேற்க வேண்டும் என்பதுதான் முறை. நைனா ஸ்டியரிங்கை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. என் தாய்மாமனைப் பந்தலில் நிற்கச் சொல்லிவிட்டுப் பட்டு வேட்டியோடு அவரே ஓட்டினார். மேளம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. வழக்கமாக இறங்கி ஓடிப்போய் மாப்பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடுகிற மனிதர், அன்றைக்கு இருந்த இடத்திலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேளக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அமைதியில் அவர் குரல் கூடத்துக்குள் இருந்த எனக்குக் கேட்டது. "கதவ நீங்களே தொறங்க மாப்பிள்ள. எம்பொண்ணு பண்ண பிடி, நல்லா வேலை செய்யும்."

கதவு திறக்கும் சத்தமும் கேட்டது.