சேகர் அமுக்க மறந்த கடிகாரம்

இத்தனை ஆண்டுகள் பேசாமல் இருந்தது போதும்.

செவ்வாய்க்கிழமை காலை நம் சதுரங்கக் கழகச் செயலாளர் தொலைபேசியில் சொன்னார்: "சேகர் போயிட்டார் சார். குகட்பள்ளி வீட்டுல, தூக்கத்துலயே." அடுத்த மூச்சில், "பாவம், மறதி வந்துதான் ஆட்டத்தையே விட்டார்" என்றார். இரங்கல் கூட்டத்திலும் அதையே சொன்னார்கள். அது பொய். அந்தப் பொய் என்னிடமிருந்து பிறந்தது.

சனத்நகர் தொழிற்சாலையில் பொறியாளர் சேகர். தார்நாகா ஆய்வகத்தில் விஞ்ஞானி நான். ஆட்டத்தில் சம பலம். ஒரு போட்டியில் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்க மறந்தேன். என் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தலைமுறை செகந்திராபாத்வாசியான சேகர் உரக்கச் சொன்னார்: "நக்கோ, வேணாம் டாக்டரே, உங்க நேரத்துல நான் யோசிக்க மாட்டேன். அமுக்குங்க!" அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

பிறகொரு ஆண்டு, கழக அணியில் மிஞ்சியிருந்த ஒரே இடத்துக்கு நாங்கள் இருவரும் மோதினோம். அவருக்கு ஐந்து நிமிடம் மீதி இருந்தபோது யானையை வெட்டுக்குக் கொடுத்தார். அத்தனை அழகான நகர்வு. அந்தக் களிப்பில் கடிகாரத்தை அமுக்க மறந்தார். நான் கன்னத்தில் கைவைத்து, யோசிப்பவனைப் போல் உட்கார்ந்திருந்தேன். எதிராளிக்கு நினைவூட்ட வேண்டும் என்று விதி இல்லை. ஐந்து நிமிடமும் கரைந்து, நேரம் முடிந்ததைக் காட்டும் அவருடைய கொடி விழுந்தது; வெற்றி எனக்கு.

"அட, அமுக்கவே இல்லையா நான்? நீங்களும் கவனிக்கலையா டாக்டரே?"

"கவனிக்கலை."

நம்பிவிட்டார். "பார்த்திருந்தா சொல்லியிருப்பீங்க. என் மண்டைதான் போச்சு."

அதன்பின் எந்தப் போட்டிக்கும் அவர் வரவில்லை. நான் அணியில் ஆடி எல்லா ஆட்டங்களிலும் தோற்றேன். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் பார்த்து, "ஒரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டேன். "மறதிக்காரனை ஜெயிச்சு என்ன ருசி டாக்டரே?" என்று சிரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேருந்து வந்தது, ஏறிக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தின் குறிப்புத்தாள் என்னிடம் இருக்கிறது. அவர் யானையைக் கொடுத்ததோடு அது நிற்கிறது. கணினியில் போட்டுப் பார்த்தேன். அந்த நகர்வுக்குப் பதில் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

இதைக் கழகத்தின் இணையப் பக்கத்தில் பெயரில்லாமல் போடப்போகிறேன். யார் எழுதியது என்று உங்களுக்கு மூன்றாவது பத்தியிலேயே தெரிந்திருக்கும். இருந்தாலும் கையெழுத்து வேண்டாம். அன்று நான் வென்றதாக அந்தக் குறிப்புத்தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்; அது ஒன்று போதும்.