இருபத்தொரு வீட்டுத் துணி

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகப் போகும், முன்னே வரவேண்டியது பின்னே வரும், பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள். பக்கத்து வீட்டு மருமகள் விடாமல் கேட்டதால்தான் எழுதுகிறேன். கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறவள். கம்பெனியில் கழித்துப் போடுகிற வேஸ்ட் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கி வைத்திருக்கிறாள், கவுதி தைக்கப் போகிறாளாம். இன்னும் கொஞ்சம் துணி செலவில்லாமல் சேர்ப்பது எப்படி என்று என்னைக் கேட்கிறாள். நான் சேர்த்த பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

கவுதி என்பது பழந்துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைக்கிற கனத்த விரிப்பு. பெயர் கன்னடம். பாகலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் கன்னடம், அதற்கடுத்ததில் தெலுங்கு. கவுதி மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கலாம். எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அம்மா மறுபடி மாசமாக இருந்தாள். அப்படிப்பட்ட வீட்டில் குழந்தையைச் சொந்தத் துணியில் கிடத்தக்கூடாது. பிள்ளைகள் நன்றாக இருக்கிற இருபத்தொரு வீட்டில் துணி யாசித்து, அதில் கவுதி தைத்துக் கிடத்தவேண்டும். அப்போதுதான் இது ஊரார் பிள்ளை என்று எமன் விட்டுவிட்டுப் போவான். இதைச் சொன்னது அத்தை, அப்பாவின் அக்கா. பிள்ளை பிறக்கவில்லை என்று புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதால் எங்கள் வீட்டோடு இருந்தாள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

சட்டம் ஒன்றா இரண்டா. காசு கொடுத்து வாங்கக்கூடாது. உடுத்தித் துவைத்த துணியாக இருக்கவேண்டும். கறுப்பு ஆகாது. ஒரு வீட்டுக்கு ஒரு துண்டு. அதையும் படிக்கு நேராக நின்று வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

"கேக்க வெக்கப்பட்டா கொழந்த நிக்காதுடி" என்று ஒரு போடு போட்டாள்.

அத்தைக்கோ ஊரைக் கூட்டுகிற வாய். அந்த வாயை வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு, யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற என்னைத் தெருவுக்கு அனுப்பினாள்.

முதல் வீட்டுக் கன்னடக்கார அம்மா என்னை உட்காரவைத்து ராகிக்களி போட்டாள். அம்மாவுக்கு வாந்தி நின்றதா, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறாள் என்றெல்லாம் கேட்டாள். பொழுது சாயும்போதுதான் துணி கிடைத்தது. அத்தை அதைப் பிரித்துப் பார்த்து, கரையில் கறுப்பு நூல் ஓடுகிறது என்று திருப்பி நீட்டினாள். அடுத்த வீட்டில் கொடுத்ததைத் தூக்கிப் பிடித்து, "கோமணத்த அவுத்துக் குடுத்தாங்களா? ஒரு கையகலங்கூட இல்ல" என்றாள். மூன்றாவது நல்ல பெரிய துண்டு. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு இருமலாம், அதுவும் ஆகவில்லை. ஆகாத துணியெல்லாம் தகரப்பெட்டியில் ஏறிக்கொண்டே போயிற்று. ஆன துணி ஒரு முறத்தைக்கூட மூடவில்லை.

எல்லா வீட்டிலும் தவறாமல் ஒன்று கேட்டார்கள், உங்கள் அத்தை வரவில்லையா என்று. வீட்டில் இருக்கிறாள் என்பேன். "அதுவும் செரிதான்" என்று தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். அவள் சோம்பேறித்தனம் ஊருக்கே தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி.

இப்படி, ஆகாததைத் தள்ளிப் பதினைந்து வீடு ஆயிற்று. மீதி ஆறும் ஏரிக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கு ஒரு நாய். அதில் ஒரு தெலுங்குக்கார அம்மா மாங்காய்க்கரை போட்ட பச்சைச் சேலையில் தண்ணீருக்கு வருவாள். அவளைத் தூரத்தில் கண்டாலே எனக்கு வார்த்தை வராது. அம்மாவுக்கோ நாள் நெருங்கிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற வழியில் தையற்காரர் காலடியில் வெட்டுத் துண்டுகள் குப்பையாகக் கிடந்தன. ஆறு பொறுக்கினேன். பாவாடையில் முடிந்து கொண்டுபோய், துவைக்கிற கல்லில் தேய்தேயென்று தேய்த்துப் பழசாக்கினேன். சாயம் போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அத்தை ஒவ்வொன்றாக முகர்ந்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆறு வீட்டுத் துணியும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன்.

"செரி, வெய்யி" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கும் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி பிறந்தான். கவுதியில் கிடத்தினார்கள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ உடம்பு அனலாகக் கொதித்தது, பால் குடிக்கவில்லை. கவுதி நனைந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததால் அம்மா அவனை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அப்பா வண்டி கட்டினார். அத்தையும் ஏறிக்கொண்டாள், மூவரும் ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வீட்டில் நான், எதிரே கொடியில் அந்தக் கவுதி. ஆறு துண்டும் என்னையே பார்த்தன. என்னால்தான் தம்பி போகப் போகிறான் என்று தெரிந்துவிட்டது எனக்கு.

அத்தையின் பாதி பிளேடை எடுத்து, என் துண்டுகளின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தேன். ஓட்டை விழும் என்றுதான் நினைத்தேன், விழவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் வேறொரு துண்டு சுற்றிலும் நெருக்கித் தைத்திருந்தது. உடுத்தி உடுத்தி மெத்தென்று போன துணி. மூன்றாவதை உரித்தபோது மாங்காய்க்கரை தெரிந்தது. பச்சை.

சாயங்காலம் வண்டி திரும்பியது. ஊசி போட்டிருந்தார்கள், தம்பி சூடு தணிந்து, அம்மாவிடம் முட்டி முட்டிக் குடித்தான். எனக்கு அழுகை வந்தது. அத்தைக்குக் கண் கவுதியில்தான். "அறிவு கெட்டவளே, ஒக்காந்து ஒக்காந்து தெச்சன், இப்பிடி பிச்சி வெச்சிருக்க" என்று திட்டித் தீர்த்தாள். தையற்காரர் துணியைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. என் ஆறு துண்டுகளையும் பொறுக்கி எடுத்து, பழைய இடத்திலேயே மேலாக வைத்துத் தைத்தாள்.

சில நாள் கழித்து ஏரிக்கரையில் பச்சைச் சேலைக்காரம்மா தானாகவே என்னிடம் வந்து குழந்தையை விசாரித்தாள். "ஒங்க அத்த வந்துச்சு. வாசலுக்கு வரல, மாட்டுக் கொட்டாயிகிட்டயே நின்னுகினு இருந்துச்சு. கூப்புட்டாலும் வரல. நான்தான் எடுத்தும்போயி குடுத்தன்" என்றாள். மற்ற வீடுகளிலும் அப்படியேதான் நின்றாளாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கு நேராக நில், வாய்விட்டுக் கேள் என்று எனக்குச் சட்டம்; அவளுக்கு மட்டும் மாட்டுக் கொட்டாய் போதுமா? போகத் தெரிந்தவள் முதலிலேயே போயிருந்தால் எனக்கு இத்தனை பாடு உண்டா? அந்தக் கோபத்தில் அத்தையோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்தக் கவுதி இப்போது ஓசூரில் தம்பி வீட்டுப் பீரோவில் இருக்கிறது. துண்டு ஆறுதானா, ஏழா, மாங்காய்க்கரை பச்சைதானா என்று எனக்கு முழு நிச்சயம் இல்லை. தம்பி இதைப் படித்தால், மேல் துணியைக் கிழிக்காமல் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்து, தப்பிருந்தால் திருத்திச் சொல்லட்டும்.